தகர ஓட்டலில் ரெண்டு மணி டீ

கிரேசன்பேட்டையில் செத்தவர்கள் மத்தியானம் ரெண்டு மணிக்கு டீ குடிக்க வருவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவர்களுக்குப் போடும் டீயில் இஞ்சி தட்டிப் போடலாமா கூடாதா என்பதில்தான் ஊர் ரெண்டாகப் பிரிந்து கிடந்தது. இஞ்சி போட்டால் அத்தனை ஈரத்தோடு வருகிறவர்களுக்கு இதமாக இருக்கும் என்று ஒரு கட்சி, உயிரோடு இருந்தபோது கேட்காததைச் செத்த பிறகு எதற்குப் பழக்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. ரெண்டு கட்சிக்கும் நடுவில் நின்று தினமும் பால் காய்ச்சிக்கொண்டிருந்த தகர ஓட்டல் சலேத்தம்மாவுக்கு இந்தச் சண்டையில் அக்கறையே இல்லை. யாருக்காக அவள் இத்தனை வருஷம் அடுப்பு மூட்டினாளோ அந்த ஒருத்தர் மட்டும் இதுவரை வரவேயில்லை.

தகர ஓட்டல் என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. இந்த மேட்டில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சை நம்பிக் கப்பலேறி வந்த கிரேசன் துரை, தங்கம் தோண்டுகிறவனைவிட அவனுக்குச் சோறும் படுக்கையும் விற்கிறவன்தான் சீக்கிரம் முன்னேறுவான் என்று கண்டுகொண்டு, மாட்டு வண்டிகளில் தேக்குத் தூண்களும் நெளிநெளியான தகரமும் ஏற்றி வந்து, முள்ளும் பாறையும் தவிர வேறெதுவும் முளைக்காத இடத்தில் மாடி வைத்துக் கட்டி, வாசலில் பித்தளை எழுத்தில் 'கிரேசன்ஸ் ராயல் ஹோட்டல்' என்று பதித்தான். மழை வந்தால் கூரை போடுகிற கூச்சலில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. அதனால் வடாற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து சுரங்கத்தில் இறங்கிய சனங்கள் அதைத் தகர ஓட்டல் என்றார்கள், பித்தளை எழுத்து கறுத்துப் போக அந்தப் பெயரே நின்றது. துரைமார் அங்கே ஆடினார்கள், குடித்தார்கள், பில்லியர்ட்ஸ் விளையாடினார்கள், தங்கம் அகப்பட்ட அன்றைக்கு ஆனந்தம் தாங்காமல் கூரையைப் பார்த்துச் சுட்டார்கள். அந்த ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. மத்தியான வெயில் அவற்றின் வழியாகத்தான் காசு காசாகத் தரையில் விழும்.

தங்கம் பூமிக்குள் கீழே கீழே இறங்கிப் போக, துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். கிரேசன் துரையின் பேரன் ஊரைவிட்டுப் போகும்போது ஓட்டலைத் தன் சமையல்காரர் இன்னாசி பட்லரிடம் கொடுத்துவிட்டுப் போனான். கொடுத்தான் என்று ஒரு பேச்சுக்குச் சொல்வது. தூக்கிக்கொண்டு போக முடியவில்லை, அவ்வளவுதான். பட்லர் நடன மண்டபத்தில் நீளநீளமாகப் பெஞ்சு போட்டார், பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சைத் துணியை உரித்து மகளுக்குப் பாவாடை தைத்தார், அடியில் இருந்த கல்பலகையின்மேல் பரோட்டாவுக்கு மாவு தட்டினார். பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் ஓடிய அந்த மகள்தான் சலேத்து.

அவள் சிறுமியாக இருந்தபோதே முதல் ஆள் வந்துவிட்டார். எலியா மேஸ்திரி அன்றைக்குக் காலை ஷிப்ட்; வழக்கம்போல இட்லி தின்று கை கழுவி, "வரேன் பட்லரே" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நம் சனங்களுக்கு வாசல் தாண்டும்போது 'போறேன்' என்பது வாயில் வராது. அவ்வளவு ஆழத்தில் சில சமயம் பாறை தானாகவே வெடிக்கும், அதற்கு பர்ஸ்ட் என்று பெயர், மேலே தெருவில் நிற்பவனுக்கு அது காதில் கேட்பதற்கு முன்னால் முழங்காலில் தெரியும். அன்று முற்பகல் ஊர் முழுக்க முழங்காலில் தெரிந்தது. சுரங்க வாசலில் பெண்கள் கூடித் தலையில் அடித்துக்கொண்டிருக்க, ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிகிற சுரங்கச் சங்கு ஊதியதும் எலியா மேஸ்திரி தகர ஓட்டலுக்குள் நுழைந்து தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். உடம்பெல்லாம் கல்பொடி, தலையிலிருந்து சுரங்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பட்லர் டீ கொண்டுவந்து வைத்தார்.

யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, மேஸ்திரி சம்சாரம் தலைவிரி கோலமாக வந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஊரே அங்க அழுவுது, நீ இங்க குந்திக்கினு டீ குடிக்கிறியா?" என்றாள். கை பட்ட இடம் ஐஸாக இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தபடி சத்தம் வராமல் அழுதாள். ஆட்கள் பட்லரைச் சூழ்ந்துகொண்டு இது எப்படி, இது எப்படி என்று கேட்டபோது அவர் தோளில் இருந்த துண்டால் டம்ளர் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காலைல வரேன்னாரு, நானும் வாங்கன்னேன், வந்துட்டாரு. இதுல இன்னா கீது?"

அதற்குப் பிறகு பர்ஸ்ட் ஆனபோதெல்லாம் வந்தார்கள். தமிழ் பேசினவர்கள் வந்தார்கள், 'வஸ்தானு' என்று சொல்லிப் போன தெலுங்குக்காரர்கள் வந்தார்கள், 'பர்த்தீனி' என்று சொல்லிப் போன கன்னடக்காரர்கள் வந்தார்கள். துரைமார் மட்டும் ஒருத்தரும் வரவில்லை; 'குட்பை' சொல்லிவிட்டுப் போனவனுக்குத் திரும்பி வர வேண்டிய கட்டாயம் என்ன இருக்கிறது என்று ஊர் பேசிச் சிரித்தது. வந்தவர்கள் டீயைக் குடிப்பதில்லை, டம்ளரை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டு அதன் சூட்டை மட்டும் குடிப்பார்கள். மிச்சம் இருக்கும் பனிக்கட்டி டீயைக் காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் நெற்றிக்குத் துணியில் நனைத்துப் போடத் தாய்மார் வாங்கிப் போனார்கள். எழுந்திருக்கும்போது "வரேன்" என்பதைத் தவிர அவர்கள் வேறெதுவும் பேசுவதில்லை. கல்லாவில் இருப்பவர் "வாங்க" என்பார், அதோடு வாசல் தாண்டியதும் காணாமல் போவார்கள். ஷிப்ட் முடித்து வரும் உயிருள்ள ஆட்கள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விடப் பழகிக்கொண்டார்கள். சட்டை நனைந்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது, 'எப்படி இருக்கே' என்று கேட்கக் கூடாது, இவ்வளவுதான் சட்டம். பங்குச் சாமியாருக்குத்தான் தர்மசங்கடம். காலையில் யாருடைய பாடை முன்னால் நின்று நித்திய இளைப்பாற்றி கேட்டு மன்றாடினாரோ, அந்த ஆளையே மத்தியானம் ஓட்டலில் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நாள் வந்து தீர்த்தம் தெளித்துப் பார்த்தார். ஏற்கெனவே தொப்பலாக நனைந்திருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

இப்படியாக, புதுசாகக் கல்யாணமான பெண்களுக்கு மாமியார்கள் முதலில் சொல்லிக்கொடுத்த பாடம், புருஷன் வாசல் தாண்டும்போது காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதுதான். வரேன் சொன்னாரா? சொன்னார். அப்படியென்றால் அன்றைய பொழுதை நிம்மதியாகத் தள்ளலாம்.

சலேத்து கல்யாணம் செய்துகொண்டது பாக்கியநாதனை. சுரங்கத்தில் பாறை சரியாமல் மரத்தூண் முட்டுக் கொடுக்கிற வேலை அவருக்கு. நல்ல வேலைக்காரர், நல்ல மனுஷன், ஆனால் மூக்குக்கு மேல் ரோஷம். வீட்டோடு மாப்பிள்ளை என்று எவன் சொல்லிவிடுவானோ என்று எந்நேரமும் காதைத் திறந்து வைத்திருப்பவர், முன்வாசல் வழியாகப் போனால் மாமனார் ஓட்டலில் ஓசிச் சோறு தின்றுவிட்டுப் போகிறான் என்பார்கள் என்று அடுப்படிப் பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போவார், வருவார். அந்த வாசலுக்கு எதிரே கம்பெனி கொட்டும் சாம்பல் நிற மண்மேடு; அதன் ஓரமாக ஓர் ஒற்றையடிப் பாதை சுரங்கத்துக்குப் போகும்.

ரெஜினா பிறந்து தூளியில் கிடந்த மாதத்தில் ஒரு காலை அவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். சுரங்கத்தை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்காருங்கள், அப்பாவுக்கும் முடியவில்லை என்று அவள் கேட்டாள். மாமனார் கல்லாவில் உட்கார்வதற்கு நான் இங்கே வரவில்லை என்றார் அவர். "அப்ப பூமிக்குள்ள போயித்தான் ஆம்பளன்னு காட்டணுமா?" என்று அவள் கேட்டுவிட்டாள். அவர் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு பின்வாசல் படியில் இறங்கி நின்று, "வரேன் சலேத்து" என்றார். அவள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகக் கேட்டது. கேட்டதால்தான் குழவியை இன்னும் வேகமாகச் சுற்றினாள். அவர் நிழல் அடுப்படித் தரையில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. போகட்டும் என்று காலால் கதவை உந்திச் சாத்தினாள்.

அன்றைக்கு முழங்காலில் தெரிந்தது.

அந்த பர்ஸ்டில் போனவர்கள் எல்லோரும் ரெண்டு மணிக்கு வந்து உட்கார்ந்தார்கள், பாக்கியநாதனைத் தவிர. மறுநாள் உடம்பை எடுத்தார்கள், கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள், அன்றைக்கும் அவர் வரவில்லை. "சொன்னாரு, என் காதால கேட்டேன்" என்று அவள் எல்லோரிடமும் சத்தியம் பண்ணினாள். ஊர் முகத்துக்கு நேரே உச்சுக்கொட்டியது, முதுகுக்குப் பின்னால் வேறு பேசியது. சண்டை போட்டுக்கொண்டு போனவர், கோபத்தில் 'போறேன்' என்று சொல்லியிருப்பார், பாவம் இவள் மறைக்கிறாள் என்றது. ரெஜினா பள்ளிக்கூடம் போனபோது பிள்ளைகள் அவளை 'போறேன் வூட்டுப் பொண்ணு' என்றே கூப்பிட்டார்கள். மற்ற பிள்ளைகளின் செத்த அப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு நடுவில் நகர்ந்து இடம் விட்டு வீட்டுப் பாடம் எழுதியவள் அவள். அம்மா சொன்ன சத்தியத்தை அவள் நம்பவில்லை. தன்னையும் அம்மாவையும் வேண்டாமென்று போன மனுஷன் என்று மனசுக்குள் முடித்துவிட்டாள், அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டாள்.

பின்வாசல் கதவைச் சலேத்து அதன் பிறகு திறக்கவேயில்லை. காலால் சாத்திய கதவைக் கையால் திறக்க அவளுக்கு மனசு வரவில்லை. மண்மேடு வளர்ந்து வந்து ஒற்றையடிப் பாதையை விழுங்கியது, அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் நின்றது. ஆனால் அந்தக் கதவுக்கு அடியில் எப்போதும் ஈரம் கசிந்தது. கூரைத் தண்ணீர் இறங்குகிறது என்றார்கள், ஆனால் மழையே பெய்யாத கோடையிலும் கசிந்தது. அவள் ஒரு சாக்கை மடித்துக் கதவோரம் போட்டு, தினமும் காலையில் அதைப் பிழிந்து வெயிலில் காயப்போட்டாள். பிழிந்த தண்ணீர் கல்பொடி கலந்து கலங்கலாக இருக்கும். மண்மேட்டுத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பட்லர் படுக்கையிலேயே செத்தார். சொல்லிக்கொண்டு கிளம்ப அவருக்கு நேரம் இல்லை, அதனால் வரவில்லை. தங்கம் தீர்ந்தது. கம்பெனி சுரங்கத்தை மூடியது, சங்கு ஊதுவது நின்றது, ஆனாலும் செத்தவர்கள் ரெண்டு மணி தவறாமல் வந்தார்கள். உயிரோடு இருந்தவர்கள்தான் குறைந்துகொண்டே போனார்கள். விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு தங்கிவிட்டார்கள். பெஞ்சுகளில் நகர்ந்து இடம் விட ஆள் இல்லாமல் இடம் தாராளமாகக் கிடந்தது. ரெஜினாவும் பெங்களூர்தான், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கரையான் தின்ற மாடிப்படி ஒரு நாள் அம்மாவோடு சேர்ந்து இடிந்து விழப்போனதைக் கேள்விப்பட்டதும், பழைய மரமும் தகரமும் வாங்குகிற வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டு டாக்ஸியோடு வந்து நின்றாள். மறுநாள் காலையில் பிரிக்க ஆட்கள் வருவார்கள்.

"இன்னொரு வாரம் பாக்கலாம்டி" என்றாள் சலேத்தம்மா.

"எதுக்கும்மா? வரணும்னு இருந்தா எப்பவோ வந்திருப்பாரு."

"சொன்னாருடி. என் காதால கேட்டேன்."

"சரி, கேட்ட" என்றாள் ரெஜினா, குரலை உயர்த்தாமல். "கடைசியா ஒரு தடவை எல்லாருக்கும் டீ போடு. குடிச்சிட்டுப் போகட்டும், நாமளும் கெளம்புவோம்." பெட்டியை எடுத்துக்கொண்டு போய் டாக்ஸியில் வைத்துவிட்டு வந்தாள்.

ரெண்டு மணிக்கு வந்தார்கள். கூரை ஓட்டை வழியாக வெயில் காசு காசாக அவர்கள் தோளில் விழுந்தது. சலேத்தம்மா ஒவ்வொரு டம்ளராகக் கொண்டுபோய் வைத்தாள். நாளைக்கு இந்தப் பெஞ்சு இருக்காது, கூரை இருக்காது, இவர்கள் வெறும் மண்ணில் வந்து நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அடுத்த டம்ளரை எடுத்தாள். டீயின் சூடெல்லாம் தீர்ந்ததும் எப்போதும்போல எலியா மேஸ்திரி முதலில் எழுந்தார். வாசலுக்குப் போய்த் திரும்பி நின்று, "வரேன்" என்றார்.

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. இருக்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே ஒருத்தரை வாங்க என்று கூப்பிடுவது எப்படி? அவள் வாழ்நாளில் அப்படிப் பொய்யாக யாரையும் கூப்பிட்டதில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

மேஸ்திரி போகவில்லை. வாசற்படியிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் எழுந்து வரிசையாக நின்றார்கள். கோபமும் இல்லை, அவசரமும் இல்லை, சும்மா நின்றார்கள். மேஸ்திரியின் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் படியில் தேங்கி, கல்பொடி கலங்கி, மெல்ல உள்ளே ஊர்ந்து வந்தது.

"மா, வாங்கன்னு சொல்லும்மா" என்றாள் ரெஜினா. "நிக்கிறாரு பாரு. நீ சொல்லாம அவரு எப்படிப் போவாரு, எப்படி வருவாரு?"

சலேத்தம்மா படியில் தேங்கிய தண்ணீரையே பார்த்தாள். இந்தக் கலங்கல் தண்ணீர் அவள் கைக்குப் பழக்கமான தண்ணீர். காலைல வரேன்னாரு, நானும் வாங்கன்னேன் என்று டம்ளர் துடைத்தபடி சொன்ன அப்பாவின் குரல் இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு முழுசாகக் கேட்டது. ஊரே வரேனைப் பிடித்துக்கொண்டது, அவளும் அதையே பிடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினாள். நீ என்ன பதில் சொன்னாய் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஐயோ, என் சாமி" என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். சாக்கைக் காலால் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள், அது துருவேறி மசியவில்லை. ரெஜினா ஓடிவந்து அம்மிக் குழவியால் தட்டினாள். ஊறிப் பருத்த கதவை ரெண்டு பேரும் சேர்ந்து இழுக்க, அது அழுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு திறந்தது.

படியில் பாக்கியநாதன் நின்றுகொண்டிருந்தார். தலைவிளக்கு, தோளில் கல்பொடி, கால் பதிந்த இடத்தில் கல் ரெண்டு குழியாகத் தேய்ந்து அதில் பாசி பிடித்திருந்தது. அன்றைய சண்டையின் கடுப்பு அவர் முகத்தில் இன்னும் பாதி இருந்தது, மீதிப் பாதியில் கெஞ்சல் இருந்தது. அவருக்கு வயசு ஏறவில்லை. எதிரே நின்ற நரைத்த பெண்பிள்ளையைப் பார்த்து, கொஞ்சமும் தடுமாறாமல், "வரேன் சலேத்து" என்றார்.

'போய்ட்டு வாங்க' என்பதுதான் அவள் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில். வாய்வரைக்கும் வந்தது. போய்ட்டு என்று சொன்னால் போய்விடுவாரோ என்று பயந்து அந்தப் பாதியை விழுங்கினாள்.

"வாங்க" என்றாள். "உள்ள வாங்க."

அவர் சாக்கில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மாமனார் ஓட்டலுக்குள் நுழைகிற கூச்சத்தோடு தலையைக் குனிந்தபடி மண்டபத்துக்கு வந்து நின்றார். வாசலில் வரிசையாக நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சலேத்தம்மா இஞ்சி தட்டிப் போட்டு டீ கலந்தாள். இந்த ஒருத்தருக்கு என்ன போட வேண்டும் என்று ஊரைக் கேட்க வேண்டியதில்லை. ரெஜினா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தன்னைவிட வயசில் சின்னவராக இருந்த அப்பாவை அவள் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு வழக்கப்படி நகர்ந்து இடம் விட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் சுடிதார் நனைந்தது. அவள் விலகவில்லை.

டீயின் சூடு தீர்ந்தது. பாக்கியநாதன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, முன்வாசலில் வரிசைக்குக் கடைசியில் போய் நின்று, திரும்பினார்.

"வரேன்" என்றார்.

சலேத்தம்மா மகளைப் பார்த்தாள். நாளைக் காலையில் பிரிக்க ஆட்கள் வருவார்கள், வாசலில் டாக்ஸி நிற்கிறது, பொய்யாகக் கூப்பிடவும் முடியாது, கூப்பிடாமல் நிறுத்திவைக்கவும் இனி அவளுக்குத் தெம்பு இல்லை.

"வாங்கப்பா" என்றாள் ரெஜினா. அவரோடு அவள் பேசிய முதல் வார்த்தை அது. அடுத்து மேஸ்திரியைப் பார்த்து, "வாங்க, எல்லாரும் வாங்க" என்றாள். பிறகு வெளியே போய், டாக்ஸியிலிருந்து பெட்டியை இறக்கினாள்.